குளியல் தொட்டி அடைப்பை நீக்குகிறோம் என்று 7,434 ரூபாய் வாங்கிச் சென்றார்கள்

சென்ற மாதம் எங்கள் வீட்டுக் குளியல் தொட்டியில் தண்ணீர் வடியவில்லை என்று, கைப்பேசியில் தேடியதும் முதலில் வந்து நின்ற ஒரு சேவை நிறுவனத்தை அழைத்தேன். இரண்டு மணி நேரத்தில் 7,434 ரூபாய் போனது, அடைப்பு போகவில்லை. ஐந்து நாள் கழித்து எங்கள் தெருமுனையில் கடை வைத்திருக்கும் வயதான பிளம்பர் வந்து, 300 ரூபாய்க்குப் பத்தே நிமிடத்தில் அந்த அடைப்பை எடுத்துத் தரையில் போட்டார். புகார் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. அவர்கள் வேலை செய்த விதம் தெரிந்தால், அதே விதத்தில் வேறு பெயரில் வருகிறவர்களையும் அடையாளம் கண்டுகொள்ளலாம்.

சென்னையின் தென்புறத்தில் இரண்டாம் மாடியில் இருக்கிறோம். தொட்டி நாங்கள் வாங்கியது அல்ல. வீட்டை விற்றவர் ஆசைப்பட்டுப் பதித்தது. அதில் படுத்துக் குளிப்பவர் எங்கள் வீட்டில் ஒருவரும் இல்லை. வாளியை உள்ளே வைத்து, நின்றுகொண்டு மொண்டு ஊற்றிக் குளிக்கிறோம். நானும் இரண்டு மகள்களும் மாமியாருமாக நீளமுடி வைத்த நான்கு பேர். வெள்ளிக்கிழமைதோறும் நல்லெண்ணெயும் சீயக்காயும் உண்டு. தண்ணீர் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர். குழாயின் வாயில் வெள்ளைப் பொறுக்குத் தட்டும் அளவுக்கு உப்பு. இவை ஒவ்வொன்றும் தனித்தனியே தண்ணீரோடு போய்விடக் கூடியவைதாம். ஆனால் முதல் முடி எங்காவது ஒரு குறுக்குக் கம்பியில் மாட்டிக்கொண்டதும், அடுத்து வரும் முடி அதில் சுற்றிக்கொள்கிறது. எண்ணெய் அதைப் பசையாக்குகிறது. கடினநீரின் சுண்ணாம்போடு சேர்ந்து திரிந்த சோப்பு அதன்மேல் பூச்சாகப் படிகிறது. சீயக்காயின் திப்பி இடைவெளிகளை நிரப்புகிறது. மனிதத் தலையிலிருந்து நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி வரை உதிர்வது இயல்பு என்று தோல் மருத்துவர்கள் சொல்கிறார்கள். நான்கு தலைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று மாதமாகத் தண்ணீர் மெதுவாக வடிந்ததைப் பார்த்தும் பாராமல் இருந்தது என் தவறு. கணுக்கால் அளவு அழுக்குநீர் நின்ற பிறகுதான் தொலைபேசியை எடுத்தேன். அதற்கு முந்தின நாள் மளிகைக் கடையில் வாங்கிய அடைப்பு நீக்கும் தூள் ஒரு பொட்டலத்தைக் கொட்டியிருந்தேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் அது முக்கியமாகிறது.

வந்து பார்க்க 499 ரூபாய், வேலை கொடுத்தால் அதுவும் தள்ளுபடி என்றார்கள். சீருடை அணிந்த இரண்டு இளைஞர்கள் ஒரு மோட்டாரும் சுருட்டிய ஸ்பிரிங்கும் சிறு கேமராவுமாக வந்தார்கள். எங்கள் தொட்டியின் வடிகால் வாயில், அழுத்தினால் மூடி, மறுபடி அழுத்தினால் எழும்பும் வகையிலான ஒரு குரோம் மூடி இருக்கிறது. அதை அவர்கள் தொடவே இல்லை. முன்னதாக ஏதாவது ஊற்றினீர்களா என்ற கேள்வியும் கேட்கவில்லை. பெயர்ச்சீட்டு இல்லாத வெள்ளைக் கேனிலிருந்து எதையோ ஊற்றினார்கள். புகை கிளம்பியது, நுரை பொங்கியது, தொட்டியின் அடிப்பகுதி தொட முடியாதபடி சுட்டது. கண் எரிந்து நான் கூடத்துக்கு ஓடினேன். "கெமிக்கல் நல்லா வேலை செய்யுது மேடம்" என்றார் ஒருவர்.

அது வேலை செய்த அடையாளம் அல்ல. கடையில் விற்கும் தூள்களில் பெரும்பாலானவை காஸ்டிக் சோடாவை அடிப்படையாகக் கொண்டவை. அவர்கள் ஊற்றியது ஆசிட். காரமும் அமிலமும் ஒரு குழாய்க்குள் சந்தித்தால் கடும் சூடு கிளம்பி, கொதித்துத் தெறிக்கும். நான் குனிந்து பார்த்துக்கொண்டிருந்திருந்தால் முகத்தில் தெறித்திருக்கும். முந்தின நாள் நான் ஊற்றியது பிளீச்சிங் கரைசலாக இருந்திருந்தால் குளோரின் வாயு வந்திருக்கும். காற்றோட்டமில்லாத குளியலறையில் அதைச் சுவாசிப்பது விளையாட்டு அல்ல. இத்தனைக்கும் வீட்டைச் சுத்தம் செய்ய விற்கும் சாதாரண ஆசிட் முடி அடைப்புக்கு மருந்தே அல்ல. சுண்ணாம்புப் படிவத்தை அது கரைக்கும், சோப்புப் பூச்சை இளக்கும். முடியின் புரதமான கெரட்டினை அது லேசில் அசைக்காது. காரம் முடியைக் கரைக்கும், ஆனால் மெதுவாக, நிறைய சூட்டோடு. அந்தச் சூடு பி.வி.சி. குழாயையும் இணைப்புகளையும் இளகச் செய்யும் என்பதால் அதையும் நான் இப்போது வாங்குவதில்லை.

அடுத்தது கேமரா. தொட்டியின் பக்கச் சுவரில், தண்ணீர் நிரம்பி வழியாமல் இருக்க ஒரு துவாரம் இருக்கும் அல்லவா, அதன் முகப்பைக் கழற்றி அதன் வழியாகக் கேமராவை விட்டார்கள். சிறிது நேரம் எதையோ திருகிய பிறகு கைப்பேசித் திரையை என் முகத்தருகே நீட்டி, "ஜாயின்ட் உடைஞ்சு போச்சு மேடம், பாருங்க. இன்னும் ஒரு வாரம் விட்டீங்கன்னா கீழ்வீட்டு சீலிங் ஊறிடும்" என்றார். திரையில் விரிசல் விட்ட ஒரு குழாயும் அதில் சொட்டும் நீரும் தெரிந்தன. தொட்டியைப் பெயர்த்து, டைல்ஸை உடைத்து, குழாயை மாற்றி, வாட்டர்ப்ரூஃபிங் செய்து தர 28,000 ரூபாய் ஆகும் என்றார்கள். கீழ்வீட்டில் சமீபத்தில்தான் வண்ணம் அடித்திருக்கிறார்கள். அந்த வீட்டுப் பெரியவரின் முகம் என் கண்முன் வந்தது, அச்சம் வந்துவிட்டது. கணவர் ஊரில் இல்லை, கேட்டுச் சொல்கிறேன் என்றதும், அதுவரை தாங்கும்படி மெஷின் போட்டுவிடுகிறோம் என்று, என் பதிலுக்குக் காத்திராமல் அதே துவாரம் வழியாக ஸ்பிரிங்கை விட்டு மோட்டாரை ஓட்டத் தொடங்கினார்கள்.

அந்தத் திரையை மறுபடி மனத்தில் ஓட்டிப் பார்த்தபோதுதான் இரண்டு விஷயங்கள் உறைத்தன. அதில் தெரிந்தது செம்பழுப்பு நிறத்தில் அகலமான மண்குழாய். எங்கள் தொட்டிக்கு அடியில் இருப்பதோ ஒன்றரை அங்குல வெள்ளை பி.வி.சி. அடுத்து, படத்தின் அடிப்பகுதியில் ஒரு மெல்லிய கோடு இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருந்தது. நேரலையில் ஓடும் படத்துக்கு அந்தக் கோடு வராது. சேமித்து வைத்த காணொளிக்குத்தான் வரும். யாருடைய வீட்டுக் குழாயோ, எத்தனை வீடுகளில் காட்டினார்களோ.

பத்து நிமிடம் மோட்டார் ஓடியது. தண்ணீர் இறங்கியது உண்மை. ரசீதில் கெமிக்கல் 1,500, மெஷின் 4,800, ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 1,134, ஆக மொத்தம் 7,434 ரூபாய். மெஷினுக்கு எவ்வளவு என்று நான் முன்பே கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. யு.பி.ஐ.யில் அனுப்பியபோது திரையில் வந்தது நிறுவனத்தின் பெயர் அல்ல, ஒரு தனிநபரின் பெயர். அதைப் பார்த்தும் நான் அழுத்தினேன். வாசலில் இரண்டு பேர் நின்றுகொண்டிருக்கும்போது அனுப்பாமல் இருக்கத் துணிவு வரவில்லை.

ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, பெரியவளின் எண்ணெய்க் குளியலுக்குப் பிறகு பழையபடி கணுக்கால் அளவு தண்ணீர். தொலைபேசியில் கேட்டால், குழாயை மாற்றியிருந்தால்தான் வாரண்டி என்றார்கள். மாமியார்தான், "நம்ம தெருமுனை ஆளைக் கூப்பிடேன்டி, மோட்டார் வச்சிருந்தாத்தான் பிளம்பரா?" என்றார்.

அந்தப் பிளம்பர் கொண்டுவந்தவை ஒரு ஸ்க்ரூ டிரைவர், நோஸ் பிளையர், ஒரு டார்ச். "மூடியைக் கழட்டவே இல்லையேம்மா" என்பதுதான் அவர் சொன்ன முதல் வார்த்தை. மூடியைச் சுற்றிச் சோப்புக் காரை வளையமாக, விரிசல் கூட இல்லாமல் அப்படியே ஒட்டியிருந்ததை விரலால் காட்டினார். மூடியை மேலே தூக்கி இடப்பக்கமாகத் திருகினார். ஏழெட்டுச் சுற்றில் கையோடு வந்துவிட்டது. அதன் தண்டிலும், அதற்குக் கீழே இருந்த குறுக்குக் கம்பியிலும் சாம்பல் நிறத்தில் ஏதோ சுற்றியிருந்தது. பிளையரால் கவ்வி, அவசரப்படாமல், அறுந்துவிடாதபடி இழுத்தார். முதலில் பெருவிரல் பருமனில் வந்தது, பிறகு மெலிந்தது, பிறகு மறுபடி பருத்தது. பழைய தேர்வடத்தின் பிசிறு போல, சீயக்காய்த் திப்பி ஒட்டிய கயிறு. நாற்றத்தைப் பற்றி எழுத விரும்பவில்லை. சின்னவளின் இளஞ்சிவப்பு ரப்பர் பேண்டு ஒன்று அதன் நடுவில் அப்படியே இருந்தது. சென்ற பொங்கலுக்கு வாங்கிய அட்டையில் வந்தது.

அவர் காகிதத்தில் வரைந்து காட்டியதும்தான் மெஷின் ஏன் பயன்படவில்லை என்பது புரிந்தது. தொட்டியின் அடித் துவாரத்திலிருந்து ஒரு வளைவு வருகிறது. பக்கச் சுவர்த் துவாரத்திலிருந்து இறங்கும் குழாய் அந்த வளைவுக்கு அப்பால்தான் வந்து சேருகிறது. அதற்கும் பிறகுதான் ட்ராப், அதாவது நாற்றம் மேலே வராதபடி கொஞ்சம் தண்ணீரைத் தேக்கிவைக்கும் பகுதி. ஸ்பிரிங்கைப் பக்கத் துவாரம் வழியாக விட்டால், அது இணைப்பைத் தாண்டிச் சுத்தமான குழாய்க்குள் சுற்றும். ட்ராப்பிலோ அதற்கு அப்பாலோ அடைப்பு இருந்தால் அது சரியான வழிதான். மூடிக்கு அடியிலேயே இருக்கும் முடியை அது தொடக்கூடச் செய்யாது. ஆசிட் சோப்புப் பூச்சை இளக்கியதால் முடிக்கு நடுவே கொஞ்சம் வழி திறந்து, ஐந்து நாள் தண்ணீர் இறங்கியிருக்கிறது, அவ்வளவே. அதற்கு விலையாக மூடியின் குரோம் பூச்சு விளிம்பில் உரிந்து, பித்தளை தெரிகிறது. குழாயில் விரிசல் எதுவும் இல்லை; இரண்டு வாளித் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றிவிட்டு, கீழ்வீட்டுக்குப் போய் அவர்கள் குளியலறைக் கூரையைக் கையால் தடவிப் பார்த்துவிட்டே வந்தார்.

ஆகவே எவரை அழைத்தாலும், மூடியையோ தரைத் துவாரத்தின் மேலிருக்கும் சல்லடையான ஜாலியையோ முதலில் கழற்றி டார்ச் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்கு முன் எதையும் ஊற்ற விடாதீர்கள். கேமரா காட்டினால், அதை உள்ளே விடும்போதே திரை உங்கள் கண்ணில் இருக்க வேண்டும்; தொட்டியின் விளிம்பிலிருந்து குழாய்க்குள் போகும் காட்சி இடைவெளியின்றி தெரிய வேண்டும்.

முடி பிடிக்கும் ஜாலி ஒன்றைத் தொடக்கத்திலேயே வைத்திருந்தால் இந்தப் பேச்சே வந்திருக்காது என்பதால், இப்போது வாங்கியதைப் பற்றியும் சொல்கிறேன். இதிலும் இரண்டு முறை பணத்தை வீணாக்கினேன். முதலில் வாங்கியது தட்டையான எவர்சில்வர் வலை. அது சமையலறைத் தொட்டிக்கானது, விட்டம் பெரிது, தண்ணீரின் வேகத்தில் நகர்ந்துவிட்டது, கண்கள் மிகச் சிறியவையாதலால் சீயக்காய்த் திப்பி ஒரே குளியலில் அடைத்துக்கொண்டது. இரண்டாவது, அடியில் உறிஞ்சிகள் கொண்டு ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் பூ. எண்ணெய்க் குளியல் உள்ள வீட்டில் அது ஒட்டாது, மிதக்கும். மூன்றாவதுதான் நிலைத்தது: மூடியைக் கழற்றிவிட்டு, துவாரத்துக்குள் இறங்கி உட்காரும், பக்கமெல்லாம் துளையிட்ட சிறு குப்பி போன்ற சிலிக்கான் வகை. முடி அதன் வெளிப்புறத்தில் வளையமாகச் சுற்றிக்கொள்கிறது, தண்ணீர் துளைகள் வழியே இறங்குகிறது. வாங்கும் முன் துவாரத்தின் உள்விட்டத்தை அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். தொட்டியின் துவாரம் வேறு, தரையில் உள்ள ட்ராப்பின் வாய் வேறு. குறுக்குக் கம்பி மேலேயே இருந்தால் இந்த வகை முழுதாக இறங்காது. அப்படிப்பட்ட தொட்டி உள்ளவர்களுக்குக் குமிழ் போல மேலே கவிழும் வகைதான் பொருந்தும்.

எங்கள் வீட்டில் வாரம் இரண்டு முறை அதை வெளியே எடுத்து, முடியை உருவிக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுகிறோம். சோம்பல்பட்டுக் கழிப்பறையில் போட்டால் அடைப்பு இங்கிருந்து அங்கே குடிபெயரும். முதல் வாரம் எடுத்த முடியைப் பார்த்து மகள்களுக்கு வழுக்கை விழப்போகிறது என்று மாமியார் பதறினார். அது எப்போதும் உதிர்ந்துகொண்டிருந்ததுதான், இப்போது கண்ணில் படுகிறது என்று விளக்க அரை மணி நேரம் ஆயிற்று.

புகார் விஷயம். ரசீதில் ஜி.எஸ்.டி. என்று 1,134 ரூபாய் வாங்கியிருந்தார்கள், ஆனால் பதிவெண் அச்சாகவில்லை. பதிவு பெற்றவர்தான் அந்த வரியை வாங்க முடியும். பதிவெண் 15 இலக்கம் கொண்டது, தமிழ்நாட்டுக்கு 33 என்று தொடங்கும். எண் இல்லாத ரசீதில் வரி இருந்தால் அந்த இடத்திலேயே கேளுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-ஐ அழைத்தேன். தமிழிலேயே பேச முடிந்தது, புகார் எண் கொடுத்தார்கள். நான்காம் நாள் நிறுவனத்திலிருந்து ஒருவர் அழைத்து, வரித் தொகையான 1,134 ரூபாயை மட்டும் திருப்பி அனுப்பிவிட்டு, மீதிக்கு வேலை நடந்திருக்கிறது என்றார். மீதி 6,300 ரூபாய்க்காக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுக்கப் போகிறேன். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் கொடுத்தால் போதும், வழக்கறிஞர் கட்டாயமில்லை.

ரசீது, பணம் அனுப்பிய பதிவு, பூச்சு உரிந்த மூடியின் படம் ஆகியவற்றோடு, அந்த முடிக்கயிற்றை மகளின் பள்ளி அளவுகோலுக்குப் பக்கத்தில் கிடத்தி எடுத்த படத்தையும் சேர்த்திருக்கிறேன். 30 சென்டிமீட்டர் அளவுகோல் போதவில்லை. மிச்சம் டைல்ஸின் மேல் கிடக்கிறது, ரப்பர் பேண்டோடு.