பழைய மரணப் பதிவுத் தேடல்: பூட்டன் காலத்துக்கு இந்தச் சேவை எவ்வளவு உதவும்?

'வயலுக்குப் போன பூட்டன் இரத்தம் கக்கிச் செத்தார், முனி அடிச்சதாம்.' திருகோணமலை மாவட்டத்தின் பழைய பிரிவுகளான கட்டுக்குளப்பற்றிலோ கொட்டியாரப்பற்றிலோ வேர் உள்ள குடும்பங்களில் இப்படி ஒரு கதை இல்லாத வீடு குறைவு. உண்மையில் என்ன நடந்தது என்று தேடத் தொடங்குகிறவர்கள் முதலில் போய் நிற்பது பிரதேச செயலகத்தின் பதிவுக் கிளையில். பழைய மரணப் பதிவைத் தேடி எடுத்துத் தரும் அந்தச் சேவையைப் பற்றியதுதான் இந்த மதிப்பீடு. கட்டுகிற காசுக்கு மேலே பெறுமதியான சேவை என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பெறுமதி, இறந்த ஆண்டைக் கண்டுபிடித்துக்கொண்டு போகிறவர்களுக்குத்தான் கிடைக்கும்.

காரணம் எளிது. பதிவு இலக்கமும் திகதியும் தெரிந்தால் நேரே பிரதி கேட்கலாம். தெரியாவிட்டால் தேடச் சொல்லி விண்ணப்பிக்க வேண்டும், கட்டணம் சற்றுக் கூட. அந்தத் தேடலுக்கு எல்லை இரண்டு ஆண்டு. 'முப்பதுகளில் எப்போதோ போனார்' என்று போனால் பத்து ஆண்டுக்கு ஐந்து தேடல். கிளையில் இருப்பவர் தூசி தட்டி ஐந்து முறை புத்தகம் புரட்டுவார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இலங்கையில் பிறப்பு இறப்புப் பதிவு 1867இல் தொடங்கியது, 1897இல்தான் கட்டாயமானது. அதற்கு முந்திய கிராமத்து மரணம் பதியப்படாமலே போயிருக்கலாம் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்டைக் கண்டுபிடிக்க வீட்டிலேயே நல்ல சான்று கிடக்கிறது. ஒருவர் இறந்த 31ஆம் நாள் அச்சடித்துக் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டில் திதி வெண்பா இருக்கும்: வருடம், மாதம், பட்சம், திதி நான்கும் அதில் உண்டு. பூட்டனுக்கே கல்வெட்டு இல்லாவிட்டாலும், அவருடைய பிள்ளைகளின் கல்வெட்டில் வம்சாவளியும் சில வேளை 'தந்தையை இழந்த' வயதும் வரும். அச்சில் ஒன்றுமே இல்லையென்றால் திவசம் கொடுக்கிற ஆச்சியிடம் கேளுங்கள். மாதமும் திதியும் அவருக்கு மனப்பாடமாக இருக்கும்.

வருடப் பெயரை ஆங்கில ஆண்டாக மாற்றும்போதுதான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். பெயர்கள் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும். குரோதி என்றால் 1904ஆகவும் இருக்கலாம், 1964ஆகவும் இருக்கலாம், அதைப் பிள்ளைகளின் வயதை வைத்துத் தீர்க்க வேண்டும். அடுத்த பிழை, தமிழ் வருடம் சித்திரையில் தொடங்குவதை மறப்பது. விஷு வருடம் 1941 ஏப்ரல் நடுவில் தொடங்கியது. தை, மாசி, பங்குனி வந்தால் அது 1942. ஜப்பான் விமானங்கள் திருகோணமலையில் குண்டு போட்ட 1942 ஏப்ரல் 9 விஷு வருடப் பங்குனியில்தான் விழுகிறது. விஷு என்றதும் 1940, 1941 என்று தேடக் கொடுத்தால் அந்த நாளில் இறந்தவர் அகப்படவே மாட்டார். திதியை வைத்து நாளையும் நெருங்கலாம். வாக்கியம், திருக்கணிதம் என்று பஞ்சாங்கம் மாறினால் ஒரு நாள் முன்பின் வரும், சில மாதங்களில் ஒரே திதி இரண்டு முறையும் வரும். ஆகவே ஒரு நாளைக் குறிக்காமல், அதற்கு முன்னும் பின்னும் சேர்த்து ஒரு வாரத்தைக் குறித்துக் கொடுங்கள்.

எந்தப் பிரதேச செயலகம்? மரணம் எங்கே நடந்ததோ அந்தப் பிரிவில்தான் பதிவு, சொந்த ஊரில் அல்ல. மூதூரிலிருந்தோ குச்சவெளியிலிருந்தோ நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வந்து இறந்தவர் இன்றைய 'திருகோணமலைப் பட்டினமும் சூழலும்' என்ற பிரிவில் இருப்பார். ஊர்ப் பிரிவில் தேடி 'இல்லை' என்று பதில் வந்தால் அடுத்துக் கேட்க வேண்டிய இடம் அதுதான். அந்தக் காலப் பதிவாளர் பிரிவின் எல்லைகள் இன்றைய பிரதேச செயலக எல்லைகளோடு ஒத்துப்போகாது. விண்ணப்பத்தில் இன்றைய ஊர்ப் பெயரோடு பழைய பற்றின் பெயரையும் எழுதினால் புத்தகம் எடுப்பவருக்கு வேலை பாதி குறையும். இங்கே ஒரு சொல்லையும் கவனிக்க வேண்டும். இறந்த இடம் 'பாதையில்' என்றிருந்தால் உடனே தெரு என்று எடுத்துவிடாதீர்கள். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரைக்கும் நம்மூரில் பாதை என்றால் ஆட்களையும் வாகனத்தையும் ஏற்றி அக்கரை சேர்த்த மிதவையும்தான்.

பெயரை வீட்டில் சொல்கிறபடி மட்டும் எழுதினால் காணாது. கதிர்காமத்தம்பி புத்தகத்தில் கதிரன் என்றோ கதிர்காமர் என்றோ இருப்பார். சின்னாச்சியின் பதிவுப் பெயர் வள்ளியம்மையாக இருக்கலாம். தெரிந்த எல்லாப் பெயர்களையும், தகப்பன் பெயரையும், துணையின் பெயரையும் ஒரு தாளில் எழுதி விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

பிரதி வாங்கும்போது மூலப் பக்கத்தின் நிழற்பிரதியைக் கேளுங்கள். இதுதான் இந்தச் சேவையில் மிகவும் முக்கியமான நுணுக்கம். பெயர்த்தெழுதிய பிரதியில் எழுதியவரின் ஊகமும் கலந்துவிடும். பழைய கையெழுத்தில் புள்ளி வைக்கும் வழக்கம் குறைவு, ரகரமும் கால் எழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும். ௳, ௴, ௵ என்ற நாள், மாத, வருடக் குறிகளும் மேற்படி என்பதற்கான ௸ குறியும் வரும். இவற்றில் ஒன்றைப் பிழையாக வாசித்தாலும் ஊர் மாறும், ஆள் மாறுவார்.

பக்கம் கைக்கு வந்ததும் எல்லாரும் மரணக் காரணத்துக்குத் தாவுவார்கள். அதற்கு முன் தகவல் தந்தவர் யார் என்று பாருங்கள். மகனா, அயலவரா, ஊர்த் தலைவரான விதானையா? இறந்த திகதிக்கும் பதிந்த திகதிக்கும் இடையில் எத்தனை நாள்? கூடவே இருந்த மனைவி மூன்றாம் நாள் சொன்னதற்கும், விதானை மூன்று மாதம் கழித்துச் சொன்னதற்கும் ஒரே எடை கொடுக்க முடியாது. வயது 50, 60, 70 என்று முழுதாக இருந்தால் அது அண்ணளவு. பிறந்த ஆண்டை அதிலிருந்து கழித்து எடுத்துப் பரம்பரை மரத்தில் எழுதிவிட வேண்டாம்.

இனி, காரணம். கிராமப் பதிவாளர் வைத்தியர் அல்லர். வந்து சொன்னவர் சொன்ன சொல்லைத்தான் எழுதினார், அதனால் அந்தச் சொல்லை அந்தக் காலத்துப் பொருளில் வாசிக்க வேண்டும். 'வாந்திபேதி' பெரும்பாலும் கொலரா. 'சன்னி' என்பது நினைவு தப்பிப் பிதற்றிய காய்ச்சல், நெருப்புக் காய்ச்சலாகவோ (தைபோயிட்) மூளையைத் தாக்கிய மலேரியாவாகவோ இருக்கலாம். 'பாண்டு' இரத்தக் குறைவு, 'கயம்' காசநோய், 'மாந்தம்' குழந்தைகளின் வலிப்பு வயிற்றுக் கோளாறுகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர். வெறும் 'காய்ச்சல்' என்று இருந்தால் மலேரியாவை முதலில் நினையுங்கள். 1934, 35இல் நாடு முழுக்க ஏறத்தாழ 80,000 உயிரைக் கொண்டுபோன கொள்ளைநோய் தென்மேற்கில்தான் கடுமையாக அடித்தது. நம் பக்கத்துக் குளத்து ஊர்களில் அது ஆண்டுதோறும் இருந்த வருத்தம். 1946இல் டிடிடி என்ற நுளம்பு மருந்து தெளிக்கத் தொடங்கிய பிறகுதான் இந்த 'காய்ச்சல்' மரணங்கள் விழுந்தன.

மர்ம மரணக் கதைகளில் இரண்டு வகை திரும்பத் திரும்ப வரும். ஒன்று, 'இரவு நல்லாகத்தான் படுத்தார், விடிய எழும்பவில்லை.' கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், நிலத்தில் பாய் போட்டுப் படுத்தவரைக் கடிக்கும். வலி அனேகமாக இராது, பல் தடம் கண்ணில் படாது. சாமத்தில் வயிற்றுவலி என்பார், பிறகு இமை தூக்க முடியாது, பேச்சுக் குழறும், கடைசியில் மூச்சு நிற்கும். பக்கத்தில் இருந்தவர்களுக்கு அது செய்வினை, பதிவில் அது 'வயிற்றுவலி'. மற்றது, வேளாண்மை வெட்டு நாளில் இரத்தம் கக்கிய கதை. வயலில் காலில் கடிக்கிற கண்ணாடி விரியனின் நஞ்சு இரத்தத்தை உறைய விடாது. பல் முரசிலும் வாந்தியிலும் சிறுநீரிலும் இரத்தம் வரும். இறந்த மாதம் அறுவடைக்காலத்தோடு பொருந்துகிறதா, தொழில் என்ற இடத்தில் வேளாண்மை என்று இருக்கிறதா என்று பாருங்கள். காசநோயும் இரத்தம் கக்க வைக்கும், ஆனால் அது மாதக்கணக்கான இருமலோடு வரும். ஒரு நாளில் முடிந்த கதை என்றால் பாம்பின் பக்கம் எடை கூட. இது ஊகம்தான், தீர்ப்பல்ல. குடும்ப ஏட்டில் எழுதும்போதும் 'இருக்கலாம்' என்றே எழுதுங்கள். அயல்வீட்டார் செய்வினை செய்தார்கள் என்ற பழி மூன்று தலைமுறையாக நிற்கும் இடங்களில் அந்த 'இருக்கலாம்' ஒன்றே பெரிய ஆறுதல்.

திடீர் மரணமாகப் பொலிசுக்கோ விதானைக்கோ அறிவிக்கப்பட்டிருந்தால் மரண விசாரணை நடந்திருக்கும். பதிவுப் பக்கத்தில் தகவல் தந்தவர் இடத்தில் விசாரணை அதிகாரி வந்தால் அதுவே அடையாளம். விசாரணைக் கோவை தனி, பதிவுக் கிளையில் அது கிடைக்காது. பலர் இந்த இடத்தில் சேவையைக் குறை சொல்வது சரியல்ல.

பிரிவில் புத்தகமே இல்லை, போரிலோ வெள்ளத்திலோ போய்விட்டது என்று பதில் வந்தாலும் கதவு மூடவில்லை. பதிவுகளின் இரட்டைப் பிரதி கொழும்பு மாளிகாவத்தையில் உள்ள பதிவாளர் நாயகத்தின் மத்திய ஆவண அறையில் வைக்கப்படுகிறது. 'புத்தகம் இல்லை' என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு அங்கே விண்ணப்பியுங்கள். கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் தனி ஆளின் மரணத்தைத் தேடுவது வீண். அங்கே போவது அந்த மாதத்தில் அந்தப் பற்றில் கொலரா இருந்ததா, குளம் உடைத்ததா என்று உதவி அரசாங்க அதிபரின் நாட்குறிப்பிலும் ஆண்டறிக்கையிலும் பார்ப்பதற்கு. அவை ஆங்கிலத்தில் இருக்கும். வீட்டிலிருந்தே பார்க்கக்கூடியது 2005இல் தொடங்கிய நூலகம் இணையத் தளம். பழைய பத்திரிகைகளும் நினைவு மலர்களும் அங்கே இலவசம், ஆனால் வடக்கோடு ஒப்பிட்டால் நம் மாவட்டத்து ஊர்களின் மலர்கள் குறைவு. உங்களிடம் இருப்பதைக் கொடுத்தால் அடுத்தவருக்கு உதவும்.

கதையில் சொல்லப்படும் பெரிய நிகழ்வைப் பதிவோடு ஒட்டிப் பார்க்கத் தவறாதீர்கள். 'புயலில் போனவர்' என்றால் இங்கே பெரும்பாலும் 1964 டிசம்பர் 22, குரோதி வருட மார்கழி. பதிவில் திகதி தையோ மாசியோ என்றால் அவரைக் கொன்றது புயல் அல்ல, அதன் பின் வந்த நோயாக இருக்கலாம்.

பூட்டியைத் தேடுகிறவர்களுக்கு இதே கிளையில் இன்னொரு விண்ணப்பமும் தேவைப்படும். இருபதிலிருந்து நாற்பது வயதுக்குள், 'காய்ச்சல்' என்றோ 'வலிப்பு' என்றோ பதியப்பட்ட பெண் என்றால் மரணத்துக்கு முந்திய ஆறு வாரங்களுக்குப் பிறப்புப் பதிவையும் தேடக் கொடுங்கள். தாயின் பெயரில் ஒரு குழந்தை அகப்பட்டால், அல்லது அடுத்த சில நாட்களில் பெயரிடாத சிசுவின் மரணம் அகப்பட்டால், பேய் பிடித்துப் போனதாகச் சொல்லப்பட்டவர் பிள்ளைப்பேற்றில் போனவராக இருக்கலாம். அந்தக் குழந்தையின் பெயரையும் பரம்பரை மரத்தில் எழுதுங்கள். பெயர் வைக்கவில்லையென்றால் 'குழந்தை' என்றாவது.