ராயபுரம் மாடியில் 40 வருடமாக ஓடும் குட்டி டீசல் என்ஜின்

மாடல் விமான என்ஜின்கள் என்னிடம் இப்போது 23 இருக்கின்றன. ஜப்பானின் என்யா, ஓ.எஸ்., அமெரிக்காவின் காக்ஸ், கல்கத்தாவின் அரோரா எல்லாம் உண்டு. அத்தனையும் ஓடும். ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்று யாராவது சொன்னால், இங்கிலாந்தின் மேக்கிள்ஸ்ஃபீல்டில் செய்த பி.ஏ.டபிள்யூ. 1.49 சிசி டீசலைத்தான் எடுப்பேன். 1984-லிருந்து என்னோடு இருக்கிறது.

எங்கள் தெருவில் குடியிருந்த ஆங்கிலோ இந்தியன் அங்கிள் கொடுத்தது. ரயில் என்ஜின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். குடும்பத்தோடு ஆஸ்திரேலியா கிளம்பிய வாரம் கூப்பிட்டு, ஒரு பிஸ்கட் டப்பாவைக் கையில் வைத்தார். "மாசம் ஒருவாட்டி சுத்தி விடுடா, மறந்துடாதே." எனக்கு அப்போது 14 வயது. மறக்கவில்லை.

டீசல் என்று பேரே தவிர, பங்கில் போடுகிற டீசல் இதற்கு ஆகாது. ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் சமபங்கு. பிளக் கிடையாது, பேட்டரி கிடையாது. பிஸ்டன் அழுத்தும் சூட்டில் ஈதர் முதலில் பற்றிக்கொள்ளும், மண்ணெண்ணெய் அதைப் பிடித்துக்கொண்டு ஓடும், விளக்கெண்ணெய் தேயாமல் காக்கும். ரேஷனில் மண்ணெண்ணெய் வாங்கிய காலத்தில் அம்மா எனக்கென்று ஒரு பாட்டில் தனியாக எடுத்து வைப்பாள். ஈதருக்குத்தான் அன்றும் அலைச்சல், இன்றும் அலைச்சல்.

ஸ்டார்ட் பண்ணுவதில்தான் இதன் ருசியே இருக்கிறது. காற்று போகும் வாயை விரலால் மூடி விசிறியை இரண்டு சுற்று சுற்றுவேன். எரிபொருள் குழாயில் ஏறுவது கண்ணுக்குத் தெரியும். எக்ஸாஸ்ட் துவாரத்தில் ஒரு சொட்டு விடுவேன். சிலிண்டர் தலையில் ஒரு திருகு கம்பி உண்டு. அதை இறுக்கினால் உள்ளே மேலிருந்து இன்னொரு பிஸ்டன் இறங்கி அழுத்தம் கூடும். கால் சுற்று இறுக்கிவிட்டு விசிறியைத் தட்டினால் 'டப்' என்று விரலை எதிர்த்து உதைக்கும். அந்த உதை வந்துவிட்டால் அடுத்த தட்டிலோ அதற்கடுத்ததிலோ பிடித்துக்கொள்ளும். சூடேறியதும் சத்தம் கனத்து, இழுக்க ஆரம்பிக்கும். அப்போது திருகைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். எவ்வளவு என்று எந்தப் புத்தகமும் சொல்லாது, காதுதான் சொல்லும். சத்தம் ஒரே கோடாக வந்ததும், எரிபொருள் அளவைத் திருத்தும் நீடிலில் கை வைக்கலாம்.

காசிமேட்டு உப்புக்காற்று எங்கள் மாடிவரை வரும். மெத்தனாலில் ஓடும், பிளக் கம்பியின் சூட்டில் பற்றும் க்ளோ பிளக் என்ஜின்களுக்கு அது ஆகவே ஆகாது. மெத்தனால் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். நைட்ரோ மீத்தேன் கலந்தால் எரிந்தபின் அமிலம் தங்கி, இரும்பை அரிக்கும். அந்த வகையில் இரண்டுக்கு பேரிங் மாற்றியிருக்கிறேன். இந்த டீசலில் பால் பேரிங்கே இல்லை, உள்ளே எப்போதும் விளக்கெண்ணெய் பூச்சு. துரு என்பதை இதில் பார்த்ததில்லை. அந்த எண்ணெய்தான் இதன் தொல்லையும்கூட. இரண்டு மாதம் சும்மா வைத்தால் பிசினாக இறுகும், விசிறி அசையாது. ஹேர் டிரையர் சூட்டில் இளக்க வேண்டும், ஸ்பேனர் போட்டு முறுக்கக் கூடாது. சட்டையில் ஏறிய ஈதர் வாடை இரண்டு துவையலுக்கும் போகாது. இதே அளவு க்ளோ என்ஜினின் வேகத்தை எதிர்பார்க்கவும் வேண்டாம். கையில் பிடித்த 12 மீட்டர் கம்பியில் நம்மைச் சுற்றிப் பறக்கும் சின்ன விமானத்துக்கு, 8-க்கு-4 விசிறியோடு (8 அங்குல விட்டம், 4 அங்குல புரி) தாராளம்.

ஒரே ஒரு முறை இதைக் கெடுத்தேன், என் அவசரத்தால். 1996-ல் எரிபொருள் நிறைய ஏறியிருந்ததைக் கவனிக்காமல், திருகை இறுக்கி ஓங்கித் தட்டிவிட்டேன். சிலிண்டரில் தேங்கிய திரவம் அமுங்குமா? பிஸ்டனைச் சுழலும் அச்சோடு இணைக்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. கொருக்குப்பேட்டையில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துப்போனேன். மேஸ்திரி அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "இத்தினியூண்டு சாமான், இதுல இம்மாம் நுணுக்கமா நைனா!" நான்கு நாள் கழித்து டியூராலுமினியத்தில் கடைந்த ராடு ரெடி. காசு வாங்கவில்லை, ஓட்டிக் காட்டச் சொன்னார். பட்டறை வைஸில் பலகையோடு கடித்து நிறுத்தி, தட்டினேன். மூன்றாவது தட்டில் பிடித்தது. பக்கத்து லேத்தில் இருந்தவர்கள் மோட்டாரை அணைத்துவிட்டு வந்து சுற்றி நின்றார்கள். டேங்க் காலியாகும்வரை ஒருவரும் பேசவில்லை. "இன்னொரு டேங்க் ஊத்து" என்றார் மேஸ்திரி.

பழைய டீசல் வாங்க நினைப்பவர்கள் விசிறியை மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது அழுத்திய காற்று சில விநாடி தங்கி நிற்க வேண்டும். உடனே 'புஸ்' என்று இறங்கினால் விட்டுவிடுங்கள்.

அந்த ராடு இன்னும் உள்ளேதான் இருக்கிறது. போன மாதம் அதில் லேசான ஆட்டம் தெரிந்தது. மேஸ்திரி இப்போது இல்லை, பட்டறை அவர் மகன் கையில். அளவெடுத்து வரைந்து வைத்துவிட்டேன். திங்கட்கிழமை ஒரு டேங்க் எரிபொருளும் சேர்த்து எடுத்துப்போகிறேன்.