முதல் செமஸ்டர் புத்தகங்கள்: எங்கே வாங்கலாம், எப்போது வாங்கலாம்?

கல்லூரியில் இடம் கிடைத்த கையோடு பட்டியலில் உள்ள புத்தகங்களை எல்லாம் வாங்கிக் குவிக்க வேண்டாம். ‘கட்டாயம்’ என்று போட்ட புத்தகத்தைத் தொடாமல் தம் குறிப்புகளை வைத்தே நடத்திவிடும் ஆசிரியர்கள் உண்டு. ‘பரிந்துரை’ என்று போட்ட புத்தகத்திலிருந்தே பயிற்சிக் கணக்கு முழுவதையும் தருபவர்களும் உண்டு. சிலபஸ் கைக்கு வந்து, எந்த வாரத்துக்கு எந்த அத்தியாயம் என்று தெரிந்த பிறகு வாங்குவதே சரி. விருப்பப் பாடத்தை மாற்றிக்கொள்ள அவகாசம் தரும் கல்லூரி என்றால் அந்தக் கெடு முடியும்வரை பொறுக்கலாம்.

அதுவரை சும்மா இருக்கவும் கூடாது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதை அடையாளம் காட்டும் ஐ.எஸ்.பி.என். எண்ணையும் பதிப்பு எண்ணையும் குறித்து வையுங்கள். 2007 முதல் ஐ.எஸ்.பி.என். 13 இலக்கம். அதற்கு முன் 10. கெட்டி அட்டை, மெல்லிய அட்டை, மின்நூல் மூன்றுக்கும் எண் வேறு வேறாகத்தான் இருக்கும். அதனால் எண் மாறினாலே தவறான புத்தகம் என்று ஒதுக்காமல், எத்தனையாவது பதிப்பு என்று பாருங்கள்.

கல்லூரிப் புத்தகக் கடையில் சரியான பதிப்பு கிடைக்கும், மாற்றிக்கொள்வதும் எளிது. முதல் வாரமே தேவைப்படும் லேப் மேனுவலுக்கும், இணையப் பயிற்சிக்கான ஆக்சஸ் கோடு உள்ள புத்தகத்துக்கும் இதுதான் இடம். கோடு பெரும்பாலும் ஒருமுறை, ஒருவருக்கு மட்டுமே வேலை செய்யும். பிளாஸ்டிக் உறையைப் பிரித்துவிட்டால் பல கடைகள் திரும்ப வாங்குவதில்லை. ஆசிரியர் அந்த ஆக்சஸ் கோடைப் பயன்படுத்துகிறாரா என்று கேட்டுவிட்டு உறையைப் பிரியுங்கள்.

பழைய புத்தகம்தான் பெரும்பாலான பாடங்களுக்கு எங்கள் முதல் தேர்வு. அடிப்படைக் கணிதம், இயற்பியல் போன்றவற்றில் ஒரு பதிப்பு பின்தங்கினாலும் பாடம் அவ்வளவாக மாறாது. மாறுவது பயிற்சிக் கணக்குகளின் வரிசை எண்! ஆசிரியர் 14ஆம் கணக்கு என்பார், உங்கள் புத்தகத்தில் அது 17ஆக இருக்கும். புதுப் பதிப்பு வைத்திருக்கும் நண்பரிடம் அந்தப் பக்கங்களை ஒப்பிட்டுக்கொண்டால் தீர்ந்தது. சட்டம், வரி, மருந்தியல், மென்பொருள் ஆகியவற்றில் மட்டும் பழைய பதிப்பு வேண்டவே வேண்டாம். விதிகளும் அளவுகளும் மாறியிருக்கும். பணம் கொடுக்கும் முன், தலைப்புப் பக்கத்தின் பின்புறத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பதிப்பு விவரம் அங்கே இருக்கும். கிழிந்த பக்கம், நிரப்பப்பட்ட பயிற்சித் தாள், பயன்படுத்திய ஆக்சஸ் கோடு பற்றியும் கேளுங்கள். வகுப்பு தொடங்கியதும் நல்ல பிரதிகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். எண்ணை வைத்து இரண்டு மூன்று விற்பனையாளர்களை முன்பே தேடி வைத்தவர் சிலபஸ் வந்த அன்று மாலையே ஆர்டர் போட்டுவிடலாம்.

வாடகை, ஒரே செமஸ்டரோடு முடியும் பாடத்துக்குப் பொருந்தும். புத்தக விலையிலிருந்து மறுவிற்பனையில் கிடைக்கக்கூடியதைக் கழித்துப் பாருங்கள். வாடகை அதைவிடக் குறைவாக இருந்தால் மட்டுமே லாபம். திருப்பித் தரும் தேதி கடைசித் தேர்வுக்கு முன்னால் விழுகிறதா என்பதை அவசியம் பாருங்கள். பலர் தாமதக் கட்டணம் கட்டுவது இதனால்தான்.

மின்நூலில் சொல்லைத் தேடுவது வசதி. ஆனால் சந்தா முடிந்தால் புத்தகமும் போய்விடும். புத்தகம் பார்த்து எழுதும் தேர்வில் கருவிகளுக்குத் தடை இருந்தால் மின்நூலால் பயன் இல்லை.

முதல் இரண்டு வாரங்களை நூலகத்தின் ரெஃபரன்ஸ் பிரதியை வைத்தே ஓட்டிவிடலாம். அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் தளத்தில் இயற்பியல், உயிரியல், நுண்கணிதம், பொருளியல் பாடநூல்கள் 2012 முதல் இலவசமாக வெளிவருகின்றன. ஆங்கிலத்தில் படிப்பவர்கள் தங்கள் சிலபஸுடன் அத்தியாயங்களை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் பிறகு கடைக்குப் போகலாம். எங்கே வாங்கினாலும் பாடம் உறுதியாகும்வரை பில்லைப் பத்திரமாக வையுங்கள். புத்தகத்தில் பெயர் எழுதாதீர்கள்.