வீணைக்காரர் நடுவே எந்தக் கிற்றார்: மரமா, காபனா, மடியில் கிடத்துவதா?

திருகோணமலையில் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் நாங்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டு விறாந்தையில் கூடுவோம். ஒரு வீணை, இரண்டு வயலின், மிருதங்கம், சுருதிப்பெட்டி, பாடுவதற்கு இரண்டு பேர். அதற்குள் கிற்றாரைத் தூக்கிக்கொண்டு போய் உட்காருகிறவன் நான் ஒருவன்தான். நாலு வருடத்தில் மூன்று வழியையும் அந்தப் பாயில் வைத்துப் பார்த்தாயிற்று. இனி வாங்கப் போகிறவருக்கு இது உதவலாம்.

மரக் கிற்றாரை முதலில் முடித்துவிடுகிறேன். பார்வைக்கு அதில் யாரும் குறை பிடிக்க மாட்டார்கள். குறை பிடிப்பது காற்றுதான். ஐப்பசியில் வாடை தொடங்கினால் மழையும் ஈரமும். மரம் ஊதி, முன்பலகை எழும்பி, கம்பி விரலுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். வைகாசிக்குப் பிறகு கச்சான் (வறுத்துத் தின்பதை அல்ல, காற்றைச் சொல்கிறேன்) சுடச்சுட அடிக்கும். அதே மரம் சுருங்கி, மெட்டுகளின் (விரல் பலகையில் குறுக்கே பதித்த உலோகக் கம்பிகள்) நுனி கையைக் கீறும். மரக் கிற்றாருக்கு 45 முதல் 55 வீத ஈரப்பதம் தேவை என்பார்கள். டச்சு பே கரைக்குப் பக்கத்தில் குடியிருக்கிற எனக்கு அது எந்த மாதத்தில் கிடைக்கும்? இரண்டாம் வருடமே கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜுக்குக் கீழே மயிரிழை போல வெடிப்பு. அதோடு, பெரிய உடம்புக் கிற்றாரை வைத்துக்கொண்டு சம்மணம் கட்டி இருந்து பாருங்கள், தொடையில் இடித்து வலக்கை தோளுக்கு மேலே போய்விடும். மரம்தான் வேண்டும் என்றால் சின்ன உடம்புள்ளதாக வாங்குங்கள்.

காபன் இழைக் கிற்றாருக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் மரமே கிடையாது. அமெரிக்காவின் ஹவாய்த் தீவுகளில் இருந்த ஜோன் டெக்கர் என்பவர் இதில் முன்னோடி. கடற்காற்றில் மரம் படும் பாட்டைப் பார்த்தே அவர் இந்த வழிக்குப் போனார். நமக்கும் அதே கடல் உப்புத்தானே. கம்பி மட்டும் துருப்பிடிக்கும், அதற்கு இங்கே எவருக்கும் விடிவில்லை. பூச்சுப் பூசிய கம்பி போட்டால் கொஞ்சம் நாள் தாங்கும்.

ஆனால் உருவம்! கறுப்பு நிறம், நடுவில் இருக்க வேண்டிய துளை மேல் மூலையில். முதல் நாள் மிருதங்க ஐயா விரலால் தட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, இது வாளி செய்யிற சாமானோ?" என்றார். நான் சிரித்துச் சமாளித்தேன். அரை மணித்தியாலத்துக்குப் பிறகு அவர் வாளியை மறந்துவிட்டார், ஏனென்றால் வயலின்கள் இரண்டு தடவை சுருதி சேர்த்த நேரத்தில் வாளி அசையவே இல்லை. இன்னொரு லாபம்: என்னுடைய காபனில் நாதம் மரத்தைவிட நீளமாக நிற்கிறது. ஒரு மீட்டலில் ஒரு கமகத்தை (சுரத்தை அசைத்து, வளைத்து வாசிப்பதை) முடிக்க வேண்டிய நமக்கு அது பெரிய விசயம்.

சரி, உருவத்தை மன்னித்தார்கள். அவர்கள் மன்னிக்காதது வேறு.

வீணை ரீச்சர் நான் வாசித்த மோகன ராகத்தைக் கேட்டுவிட்டு, "காந்தாரம் கூடுது" என்றார், அவ்வளவுதான். 'க' சுரம் இருக்க வேண்டிய இடத்தைவிட உயரத்தில் நிற்கிறது என்று அர்த்தம். வீட்டுக்கு வந்து கணக்குப் பார்த்தால் அவர் சொன்னது சரி. கிற்றாரின் மெட்டுகள் சமமாகப் பிரித்து அடிக்கப்பட்டவை. தம்புராவோடு இயல்பாகச் சேரும் அந்தரகாந்தாரம் (மோகனத்தில் வரும் 'க') அந்த மெட்டைவிட 14 சென்ட் கீழே இருக்கிறது. சென்ட் என்பது ஓர் அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு. சின்ன வித்தியாசம்தான், ஆனால் சுருதிப்பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது பல்லில் மணல் கடிபட்ட மாதிரி. வீணையிலும் மெட்டு இருக்கிறதே என்று வாதாடிப் பார்த்தேன். வீணையின் மெட்டுகள் மெழுகில் இருக்கின்றன, செய்கிறவர் காதால் கேட்டு நகர்த்தி வைக்கிறார். என் மெட்டுகளைத் தொழிற்சாலை வைத்தது. வாதம் அங்கேயே முடிந்தது.

"வயலினே வெள்ளைக்காரன் கொண்டுவந்ததுதானே" என்று கிற்றார்க்காரர் எல்லோரும் சொல்வோம். அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த பாலுஸ்வாமி தீட்சிதர் காலத்திலேயே அது நம்முடையதாகிவிட்டது, உண்மை. ஆனால் வயலினில் மெட்டே இல்லை, விரல் எங்கே வேண்டுமோ அங்கே போகும். அந்தச் சலுகையைக் கிற்றாருக்குக் கேட்க முடியாது. மாண்டலின் ஸ்ரீநிவாஸ் மெட்டுள்ள வாத்தியத்தில் சாதித்தார் என்பார்கள்; அது மின் மாண்டலின், கம்பி மெல்லியது.

கமகமும் அப்படித்தான். மெட்டின் மேல் கம்பியைப் பக்கவாட்டில் இழுத்தால் சுரம் ஏறும், இறங்காது. மெட்டுக்கு மெட்டு நழுவினால் படிக்கட்டு மாதிரிக் கேட்கும். மெட்டுகளுக்கு இடையே பலகையைக் குடைந்துவிட்டால் விரல் மரத்தில் உராயாது, இழுப்பது சுலபம். 1970களில் இந்திய இசையையும் ஜாஸையும் கலந்த சக்தி குழுவில் ஜோன் மக்லாக்லின் வாசித்த கிற்றார் அப்படிக் குடைந்ததுதான், துளைக்குக் குறுக்கே அனுரணனத் தந்திகளும் (மீட்டாமலே கூட அதிருபவை) ஓடும். இந்த ஒரு வேலையில் மரம் காபனை வெல்கிறது: மரத்தை ஒரு நல்ல ஆசாரி குடைந்து தருவார், காபனில் கைவைக்க இங்கே யாரும் துணிய மாட்டார்கள். காபன் வைத்திருப்பவர் மெல்லிய கம்பி போட்டுக்கொண்டு மோகனம், ஹம்சத்வனி என்று கமகம் குறைந்த பக்கமாக நிற்பது நல்லது. கமகம் நிறைந்த தோடி ராகத்தை நினைக்கவே வேண்டாம்.

நைலோன் கம்பி துருப்பிடிக்காது, ஆனால் எவ்வளவு இழுத்தாலும் சுரம் ஏற மறுக்கும். அதை இந்தக் கூட்டத்துக்குக் கொண்டுபோகாதீர்கள்.

மூன்றாவது வழி, மடியில் கிடத்தி இரும்புத் துண்டால் வாசிப்பது. புதிதாகக் கிற்றார் வாங்கத் தேவையில்லை. தலைப்பக்கம் ஒரு உலோகத் துண்டைச் செருகிக் கம்பிகளை உயர்த்தினால் இருக்கிற கிற்றாரே போதும். மெட்டு வெறும் கோடாகிவிடும். காந்தாரம் எங்கே இருக்க வேண்டுமோ அங்கே வைக்கலாம், கமகம் வழுக்கிக்கொண்டு வரும். விஷ்வ மோகன் பட் இந்த வழியில் மோகன வீணை செய்து 1994இல் கிராமி வாங்கினார். நம் பக்கத்தில் கோட்டுவாத்தியம் (மெட்டில்லாத வீணை) எத்தனையோ காலமாக இதைத்தான் செய்கிறது. அதனால்தான் ரீச்சர் பார்த்தவுடனே, "இப்பதான் பாயில இருக்கிற சாமான் மாதிரிக் கிடக்கு" என்றார்.

மரியாதை உடனே கிடைக்கும், வாசிப்பு உடனே வராது. மெட்டு இல்லாததால் பிழையை ஒளிக்க இடமில்லை. துண்டுக்குப் பின்னால் விரலை வைத்து இரைச்சலை அடக்கவே எனக்கு மூன்று மாதம் போனது. இரட்டை வேகத்தில், அதாவது இரண்டாம் காலத்தில், கல்பனாசுவரம் (அந்த நேரத்தில் கற்பனையாக வாசிக்கும் சுரங்கள்) இன்னும் தடுமாறுகிறது.

எதை எடுத்தாலும் கோர்ட் (பல சுரங்களை ஒன்றாகச் சேர்த்து மீட்டுவது) அடிக்காதீர்கள். கிழக்கில் கிற்றார் என்றால் பறங்கியர் வீட்டுப் பைலாப் பாட்டுத்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். எனக்கும் அது பிடிக்கும். ஆனால் ஆலாபனைக்கு நடுவில் ஒரே ஒரு கோர்ட் விழுந்தால் மிருதங்க ஐயாவின் கை தானாகவே தாளம் மாற்றிவிடும், அனுபவம்.

என் தேர்வு: காபன் கிற்றாரைப் படுக்கவைத்து இரும்புத் துண்டால் வாசிப்பது. கடலிலிருந்து தள்ளி, தம்பலகாமம் பக்கம் இருக்கிறவர் வேண்டுமானால் மரத்தை யோசிக்கலாம். அடுத்த வெள்ளி பாட வருகிறவரின் சுருதி ஐந்தரைக் கட்டையாம். என் கம்பிகள் இரண்டுக் கட்டையில் நிற்கின்றன, கிடத்தி வாசித்தால் கேப்போவும் (கம்பிகளை அழுத்திச் சுருதியை ஏற்றும் கவ்வி) போட முடியாது. வியாழன் இரவே எல்லாக் கம்பியையும் மாற்ற வேண்டும்.