கிணற்றில் இறங்கிய ஐஸ் தூண்டில்: ஆறு வருடப் பயன்பாடு

சென்னிமலைக்கும் பெருந்துறைக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் தோட்டம். அங்கே கிணற்றுப் படியில் உட்கார்ந்து ஆறு வருடமாக ஒரே தூண்டில்கோலில் மீன் பிடிக்கிறேன். கோலின் நீளம் 28 அங்குலம்தான், முழங்கையிலிருந்து நீட்டினால் விரல் நுனிக்கு ஒரு சாண் அந்தப் பக்கம் போகும். இது உறைந்த ஏரியில் ஓட்டை போட்டு மீன் பிடிப்பதற்காகச் செய்த கோல். நம் ஊரில் இதை வேறு யாரும் பயன்படுத்தி நான் பார்த்ததில்லை. அதனால் எது உதவியது, எது கெட்டுப்போனது, எங்கே சுத்தமாக உதவவில்லை என்று எழுதி வைக்கிறேன்.

2017-லும் 2018-லும் இரண்டு குளிர்காலம் வேலைக்காக அமெரிக்காவின் மின்னசோட்டாவில் இருந்தேன். டிசம்பர் பிறந்தால் அங்கே சின்ன ஏரிகள் மேலே கண்ணாடி மாதிரி இறுகிவிடும். நல்ல தெளிந்த ஐஸ் 4 அங்குலம் கனம் இருந்தால்தான் ஆள் நடக்கலாம் என்பது அங்கே கணக்கு. ஒவ்வொரு பத்து அடிக்கும் நின்று துளைத்து அளந்துகொண்டே போவார்கள். ஆகர் என்ற திருகு துளைப்பானால் சாப்பாட்டுத் தட்டை விடச் சின்னதாக ஓர் ஓட்டை. பக்கத்தில் கவிழ்த்துப்போட்ட வாளி, அதன் மேல் ஆள். கையில் இந்தக் குட்டைக் கோல்.

அங்கே பிடிப்பது புளூகில், கிராப்பி, மஞ்சள் பெர்ச் போன்ற சின்ன மீன்கள். பொரிக்கிற சட்டிக்குள் முழுசாக அடங்கும் என்பதால் பான்ஃபிஷ் என்று பொதுப்பெயர். இதில் புளூகில் வந்து இரையைத் தொடும் விதம்தான் இந்தக் கோலின் வடிவத்தையே தீர்மானித்திருக்கிறது. குளிரில் அந்த மீன் இரையைக் கவ்வி இழுக்காது. பக்கத்தில் வந்து நின்று வாயைத் திறந்து, தண்ணீரோடு சேர்த்து உறிஞ்சும். பிடிக்கவில்லை என்றால் அதே வேகத்தில் துப்பிவிடும். சாதாரணத் தக்கைக்கு இது தெரியவே தெரியாது. அதனால் கோலின் நுனியில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்றை மாட்டியிருப்பார்கள். ஸ்பிரிங் பாபர் என்று பெயர். மீன் உறிஞ்சும்போது அந்தக் கம்பி ஒரு நூல் அளவு கீழே தாழும், இல்லையென்றால் பாரம் போன மாதிரி மேலே நிமிரும். இரண்டுமே கடிதான். நிமிர்வதும் கடி என்று எனக்குப் புரியவே ஒரு குளிர்காலம் ஆனது.

தூண்டில் நரம்பைச் சுற்றி வைக்கும் ரீலோடு சேர்த்து 35 டாலருக்கு வாங்கினேன். 2019-ல் ஊருக்குத் திரும்பும்போது துணிகளுக்கு நடுவில் சுருட்டிக் கொண்டுவந்தேன். இங்கே இதற்கு என்ன வேலை என்று எனக்கே அப்போது தெரியாது.

எங்கள் கிணறு மாடு கட்டிக் கவலையில் தண்ணீர் இறைத்த காலத்தில் பாறையை உடைத்து வெட்டியது. ஆழம் 70 அடி. ஆகஸ்டு நடுவில் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் கசிவு நீர் ஏறி மேலேயிருந்து 15 அடியில் வந்து நிற்கும். சித்திரையில் 50 அடிக்குக் கீழே இறங்கிவிடும். 1955-ல் பவானிசாகர் அணையைக் கட்டி முடித்து வாய்க்கால் வந்த பிறகுதான் இந்தப் பக்கத்துக் கிணறுகளுக்கு இப்படி ஒரு மூச்சு என்று அப்பாரு (அப்பாவின் அப்பா) சொல்லுவார்.

கிணறு நிறைய ஜிலேபி மீன். 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஆப்பிரிக்க மீன் இது. எங்கள் கிணற்றில் யார் விட்டார்கள் என்று யாருக்கும் ஞாபகம் இல்லை. சின்ன வயதில் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) மூங்கில் தூண்டில் கட்டிக் கொடுப்பார், சோளத்தட்டை நெட்டிதான் தக்கை. குளத்தில் அது அருமையாக வேலை செய்யும். கிணற்றில் செய்யாது. பத்தடிக் கோலை உயர்த்தினால் எதிர்ச் சுவரில் இடிக்கும், திருப்பினால் மோட்டார் குழாயில் மாட்டும். ஜிலேபியும் புளூகில் மாதிரியே உறிஞ்சித் துப்புகிற சாதி, அதனால் தக்கை அசைவதற்குள் புழு போயிருக்கும்.

வந்த முதல் வாரம் ஒரு சாயங்காலம் இந்தக் குட்டைக் கோலை எடுத்துக்கொண்டு படியில் இறங்கினேன். அய்யன் மேலே தொட்டிமேட்டில் நின்று, "ஏங் கண்ணு, இந்தக் குச்சியில மீனு வருமா?" என்று கேட்டார். நேர் கீழே இறக்கினேன். ஆறடி ஆழத்தில் கம்பி நிமிர்ந்தது. பழக்கத்தில் மணிக்கட்டைத் தட்டினேன். அன்று இருட்டுவதற்குள் பதினேழு மீன். ஐஸில் போட்ட ஓட்டைக்கும் நம் கிணற்றுக்கும் வேலை ஒன்றுதான். இரண்டிலும் வீச இடம் கிடையாது, நேர் கீழேதான் இறக்க வேண்டும். கைக்கும் மீனுக்கும் நடுவில் இருக்கிற நரம்பு தளராமல் நிற்க வேண்டும். குட்டைக் கோலுக்கு இதைவிடப் பொருத்தமான இடத்தை நான் இதுவரை பார்க்கவில்லை.

இனி ஒவ்வொரு உறுப்பாக.

கோல் கண்ணாடி இழையால் ஆனது. இன்றுவரை ஒரு கீறல் கூட இல்லை. நுனி வளையத்தை ஒட்டியிருந்த பசை மட்டும் மூன்றாம் வருடக் கோடையில் காருக்குள் வைத்துவிட்டுப் போனபோது இளகி வளையம் கழன்றது. பூஜ்யத்துக்குக் கீழே 20 டிகிரி குளிரைத் தாங்கியது நம் சித்திரை வெயிலில் காருக்குள் தாங்கவில்லை. எபாக்ஸி பசை வைத்து, மேலே நூல் சுற்றிக் கட்டினேன். அதற்குப் பிறகு காரில் வைப்பதில்லை.

ரீலுக்குள் குளிரில் இறுகாத மெல்லிய கிரீஸ் போட்டிருப்பார்கள். அது இங்கே முதல் கோடையிலேயே உருகி வழிந்து நரம்பெல்லாம் பிசுபிசுத்தது. பிரித்துத் துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டேன். வருடத்துக்கு இரண்டு முறை அதுதான். அங்கே இருந்த ஒரு தொல்லை இங்கே இல்லை: ஐஸ் மேல் வளையங்களில் தண்ணீர் உறைந்து அடைத்துக்கொள்ளும், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை விரலால் உடைத்துவிட வேண்டும்.

நரம்பு இரண்டு பவுண்டு, அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவாகத் தாங்குகிற தங்கூஸ் (நைலான் இழை). பாறைச் சுவரில் உரசினால் உடனே போய்விடும். ஒன்றரை வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு நான்கு பவுண்டுக்கு மாறினேன். கடி தெரிவது கொஞ்சம் குறைந்தது, ஆனால் மீனோடு தூண்டில் முள் போவது நின்றது. எல்லா வருடமும் ஆவணியில் நரம்பை மாற்றிவிடுகிறேன். வெயில் பட்டது பார்க்க நன்றாக இருக்கும், முடிச்சில்தான் அறுந்து ஏமாற்றும்.

முள்ளோடு சேர்த்து வார்த்த சின்ன உலோகக் குண்டுக்கு ஜிக் என்று பெயர். நான் கொண்டுவந்தது டங்ஸ்டன், மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. ஈயத்தைப் போலக் கிட்டத்தட்ட 1.7 மடங்கு அடர்த்தி என்பதால் சின்னதாக இருந்தும் சரசரவென்று இறங்கும், நரம்பையும் விறைப்பாக வைக்கும். பன்னிரண்டு கொண்டுவந்தேன், இன்று நான்கு மிச்சம். தீர்ந்தால் என்ன செய்வது என்ற வெசனத்தில் போன வருடம் 14-ஆம் நம்பர் முள்ளுக்கு மேல் சின்ன ஈயக்குண்டை நெரித்து மாட்டிப் பார்த்தேன். மீன் வருகிறது, ஆனால் இறங்கும்போது சுற்றுகிறது. டங்ஸ்டனுக்கு ஈடு இல்லை.

ஸ்பிரிங் பாபர் இரண்டாம் வருடமே துருப்பிடித்து ஒடிந்தது. அந்த இடத்தில் இப்போது இருப்பது தென்னை ஈர்க்கு. விளக்குமாற்றிலிருந்து மெல்லிய ஈர்க்காகப் பார்த்து உருவி, நுனிப்பக்கம் நான்கு அங்குலம் நறுக்கி, கோலின் நுனியில் நூல் போட்டுக் கட்டி, முனையில் நரம்பு நுழைய ஊசிக்காது அளவு ஒரு கண்ணி. காய்ந்த ஈர்க்கு ஒடியும், பச்சை ஈர்க்கு தொய்யும். நிழலில் நான்கு நாள் கிடந்ததுதான் சரியான பதம். கடையில் வாங்கிய கம்பியை விட இது நல்லது என்றே சொல்வேன். நுனியில் மஞ்சள் நூல் ஒரு சுற்று சுற்றினால் சாயங்கால வெளிச்சத்திலும் தெரியும். மகள்தான் பெரும்பாலும் ஈர்க்கைப் பார்ப்பாள். "ஆடுதுங்கப்பா" என்று அவள் சொல்வதற்கும் நான் தட்டுவதற்கும் நடுவில் ஒரு நொடி போனாலும் மீன் துப்பிவிடும், அதனால் இப்போது கோலையே அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

இரையில் எனக்குக் கிடைத்தது ஒரு பெரிய ஆச்சரியம். அங்கே ஐஸ் மீன்பிடிக்காரர்கள் மெழுகுப் புழு என்று சின்ன டப்பாவில் காசு கொடுத்து வாங்குவார்கள். வெள்ளையாக, குண்டாக இருக்கும். தேன்பெட்டி வைத்திருக்கும் பங்காளி ஒருவர் ஒருநாள் கெட்டுப்போன அடையைப் பிரித்துக் காட்டினார். உள்ளே அதே புழு. தேனடையை அரித்து நாசம் செய்கிற மெழுகு அந்துப்பூச்சியின் புழுதான் அது. இங்கே தேனீ வளர்ப்பவர்களுக்குப் பெரிய எதிரி. இப்போது அவர் அடையைச் சுத்தம் செய்யும் நாளில் எனக்குப் போன் வரும். மண்புழுவை விட முள்ளில் நன்றாக நிற்கிறது, ஜிலேபி இதை விடுவதே இல்லை. புழு கிடைக்காத நாளில் மைதா உருண்டையில் துளி மஞ்சள்.

ஆழம் பார்ப்பதில் மட்டும் அங்கே படித்ததை மாற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி. அதனால் உறைந்த ஏரியில் கதகதப்பு அடியில் இருக்கும், மீனும் பெரும்பாலும் அடியை ஒட்டித் திரியும். நம் கிணற்றில் அடிக்குப் போனால் ஒன்றும் கிடைக்காது. வெயில்பட்ட தண்ணீர் மேலே தங்கிவிடும், அடித்தண்ணீரோடு கலக்காது, அதனால் அடியில் காற்று குறைவு. கோடையில் விடிகாலை எட்டிப் பார்த்தால் மீன்கள் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடும். எனக்கு ஐந்திலிருந்து எட்டு அடிதான் ராசியான ஆழம்.

மீன் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். மின்னசோட்டாவில் நான் இருந்தபோது புளூகில் வகை மீன் ஆளுக்கு ஒரு நாளைக்கு 20 வரை எடுக்கலாம், உரிமம் வாங்கியிருக்க வேண்டும். பழகிய ஆட்கள் பெரிய ஆண் மீன்களைத் திரும்ப விட்டுவிடுவார்கள். கூடு காக்கும் பெரிய ஆண்களை எடுத்துவிட்டால் சின்ன மீன்கள் வளர்வதை விட்டுவிட்டு முன்னாலேயே இனப்பெருக்கத்தில் இறங்கிவிடும், ஏரி முழுக்கப் பொடியாகப் போகும். எங்கள் கிணற்றில் நடந்ததும் பொடியாகிற அதே கதைதான், காரணம் மட்டும் வேறு. ஜிலேபி முட்டையையும் குஞ்சையும் வாயில் வைத்துக் காப்பாற்றுவதால் பிழைப்பது அதிகம். நெரிசலில் தீனி போதாமல் விரல் நீளத்திலேயே சினை பிடிக்கிறது. அதனால் இங்கே நான் சின்னதைத்தான் நிறைய எடுக்கிறேன். நான்கு வருடம் அப்படி எடுத்த பிறகு, போன தை மாதம் முதல்முறையாக முக்கால் கிலோவில் ஒன்று வந்தது. கோல் வில்லாக வளைந்து, ரீல் கிறீச்சிட்டு, மகள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

குளத்தங்கரையில் இந்தக் கோல் வேண்டாம். மீன் குத்தகைக்காரரிடம் கேட்டுக்கொண்டு இரண்டு மூன்று குளங்களில் முயன்றேன். கோரைக்கு அந்தப் பக்கம் நரம்பு போகவே போகாது. அங்கே அப்பிச்சியின் மூங்கில்தான். ஒரே ஒரு தடவை பரிசலில் ஏற்றிக் கூட்டிப்போனார்கள், நடுக்குளத்தில் நேர் கீழே இறக்கியபோது கிணறு மாதிரியே வேலை செய்தது. பக்கத்தில் இருக்கிற வெள்ளோடு குளம் பறவைகள் சரணாலயம், அங்கே தூண்டில் போடக் கூடாது. ஒரத்துப்பாளையம் அணையிலும் நான் போடுவதில்லை. நொய்யலில் சாயக்கழிவு வந்து தேங்கிய தண்ணீர் அது, அதிலிருந்து எடுத்த மீனைக் குழந்தைக்குக் கொடுக்க எனக்கு மனசு வராது.

ஒரு விபத்தும் நடந்தது. 2022 மாசியில் பாசி படிந்த படியில் கால் வழுக்கி விழுந்தேன். சுவரில் நீட்டியிருந்த கல்லைப் பிடித்ததால் நான் தப்பினேன், கோல் தண்ணீருக்குள் போனது. சித்திரைக் கடைசியில் தண்ணீர் இறங்கிய பிறகு சேற்றில் ஒட்டிக் கிடந்ததை எடுத்தோம். இரண்டரை மாதம் தண்ணீருக்குள். கார்க் பிடி கறுத்து நுனியில் பொடிந்திருந்தது. ரீலின் பால்ரஸ் (பேரிங்) இறுகிவிட்டது, ஈரோட்டில் சைக்கிள் கடையில் அதே அளவில் ஒன்று தேடி மாற்றினேன். கோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்கு அப்புறம் தனியாக இறங்குவதில்லை என்று வீட்டில் வாக்குக் கொடுத்திருக்கிறேன். மேலே ஓர் ஆள், படியில் கட்டிய கயிறு, இரண்டும் இருந்தால்தான் இறங்குவேன். நீச்சல் தெரியாத யாரையும் கீழ்ப்படிக்கு விடுவதில்லை. ஐஸ் மேல் ஒவ்வொரு பத்தடிக்கும் நின்று துளைத்துப் பார்த்த அந்த ஆட்களைப் போல, இப்போது ஒவ்வொரு படியையும் தென்னமட்டையால் தேய்த்துப் பார்த்துவிட்டுத்தான் கால் வைக்கிறேன்.

மீனைக் கல் உப்பும் மஞ்சளும் போட்டு நன்றாக உரசி, புளித்தண்ணீரில் கால் மணி நேரம் வைத்தால் சேற்று வாடை போய்விடும். முதுகு முள் குத்தினால் கடுக்கும், புளூகிலும் அப்படித்தான், தலையிலிருந்து வாலுக்குத் தடவிப் பிடிக்க வேண்டும். சின்னது வறுவலுக்கு, பெரியது குழம்புக்கு.

இந்த வருடமும் வாய்க்காலில் தண்ணீர் விட்டாயிற்று. நேற்று எட்டிப் பார்த்தபோது பதினோராவது படி வரை முங்கியிருந்தது. புது ஈர்க்கு நிழலில் கிடக்கிறது, நாளையோடு நான்கு நாள்.