பாசிக்குடாவா, அறுகம்குடாவா?

மட்டக்களப்பு டவுனில் தங்குகிறவர் அநேகமாக முதலில் கேட்பது இதைத்தான். இரண்டும் கிழக்குக் கடல்தான், இரண்டும் குடாதான். ஆனால் ஒன்று குளிக்கிற கடல், மற்றது அலை ஏறுகிற கடல். மாறிப் போனால் நாள் பாழ்.

பாசிக்குடா வடக்கே சுமார் 35 கிலோமீற்றர். வாழைச்சேனைப் பஸ்ஸில் போய் ஓட்டோ பிடித்தால் ஒன்றரை மணித்தியாலத்துக்குள் மணலில் நிற்கலாம். கல்குடா ஸ்டேசன் இன்னும் கிட்ட, ஆனால் ரயில் நேரத்துக்கு நாம்தான் வளைய வேண்டும். குடாவின் வளைவும் வெளியே கிடக்கிற முருகைக்கல் (பவளப்பாறை) பாரும் அலையை உடைத்துவிடுவதால் வெகுதூரம் இடுப்பளவுத் தண்ணீர்தான். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் இந்தக் கரையில் இல்லை. குறையும் அதே ஆழமின்மைதான்: நடுப்பகலில் தண்ணீர் வெதுவெதுக்கும், அடியில் கிடக்கிற முருகைக்கல் துண்டு காலைக் கிழிக்கும். காலை 9 மணிக்கு முன்னமோ பின்னேரம் 4 மணிக்குப் பிறகோ இறங்குங்கள், பழைய செருப்பைக் கழற்றாமல்.

அறுகம்குடாவுக்கு முதலில் பொத்துவில் போய்ச் சேர வேண்டும், தெற்கே 100 கிலோமீற்றருக்குக் கொஞ்சம் மேல். காத்தான்குடி, களுவாஞ்சிக்குடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று பஸ் ஊரூராக நின்று போகும். மூன்று மணித்தியாலத்துக்குக் குறையாது. போய்வரவே பகல் முடிந்துவிடும் என்பதால், ஓர் இரவு தங்க முடியாதவர் இதை விட்டுவிடுவதே புத்தி. தங்குகிறவருக்கோ அள்ளித் தரும் ஊர். மே முதல் செப்டம்பர் வரை தெற்கிலிருந்து வரும் அலை முனையைச் சுற்றி வளைந்து நீளமாக ஓடும், தரைக்காற்று அதை ஒழுங்காக நிமிர்த்தும். அலை ஏறுகிற பெரிய இடமான மெயின் பொயின்ற்றில் கடலடி கல், பழகுநருக்கு அது ஆகாது. பேபி பொயின்ற்றில் பலகை வாடகைக்கு எடுத்து, பயிற்றுநரோடு இறங்குங்கள். அலை பிடிக்காதவர் பொத்துவில் களப்பில் கண்டல் காட்டுக்குள் தோணியில் போகலாம். பாணமைப் பக்கம் போனால் யானை குறுக்கிடும், பொழுதுபட மோட்டார்சைக்கிளில் அந்த ரோட்டில் போக வேண்டாம்.

நவம்பர் முதல் ஜனவரி வரை வாடைக்காற்றும் மழையும். பாசிக்குடாத் தண்ணீர் கலங்கிக் கிடக்கும், அறுகம்குடாக் கடைகளில் பாதி பூட்டு. அந்த மாதங்களில் இரண்டுக்கும் போகாமல் டவுனிலேயே சுற்றலாம்: 1628இல் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கி 1638இல் ஒல்லாந்தர் பிடித்த புளியந்தீவுக் கோட்டை, சுனாமியில் சாய்ந்த கல்லடித் திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரம்.

ஒரே நாள்தான் கையில் என்றால் காலையில் பாசிக்குடா, பின்னேரம் கல்லடி. கல்லடிக் கடலைப் பார்க்கலாம், குளிக்க வேண்டாம். திடீரென்று ஆழம் விழும். பாடும் மீன், அதாவது மட்டக்களப்பு வாவிக்குள்ளிருந்து பாட்டுப் போல எழும் ஒலி, கேட்க ஆசை என்றால் கோடையில், பௌர்ணமியை ஒட்டி வாருங்கள். 1924இல் கட்டிய பழைய கல்லடிப் பாலத்துக்கு அருகே, எஞ்சின் இல்லாத தோணியில், வாகனச் சத்தம் அடங்கின பிறகு. துடுப்பின் ஒரு நுனியை வாவிக்குள் விட்டு, மறு நுனியில் காதை வைக்க வேண்டும்.