கோணல் கட்டுமானத்தை எந்த ஓவன் பொறுக்கும்: மண்ணா, ஆர்ச்சா, கும்மட்டமா?

முதன்முதலாகக் கரணை பிடிப்பவர் கட்டினால் செங்கல் வரி கோணத்தான் செய்யும். செங்கல்களுக்கு இடையே ஒரு சந்து கால் அங்குலம், பக்கத்துச் சந்து முக்கால் அங்குலம் என்றுதான் வரும். கொல்லைப்புறத்தில் பீட்சாவுக்கும் ரொட்டிக்கும் விறகு ஓவன் கட்ட ஆசைப்படுபவர் இதை முதலிலேயே ஒப்புக்கொண்டு, தன் கைக்கோணலைத் தாங்கும் வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது நல்லது. போட்டியில் இருப்பவை மூன்று: குழைத்த மண்ணில் வனையும் ஓவன், பீப்பாயை நெடுக்காகப் பிளந்து கவிழ்த்தது போன்ற ஆர்ச் ஓவன், செங்கல் கும்மட்டம்.

மண் ஓவனில் தளத்தைத் தவிர செங்கல்லுக்கு வேலையே இல்லை. ஈர மணலைக் குவித்து, நனைத்த செய்தித்தாளை அதன்மேல் ஒட்டி, களிமண்ணும் மணலும் மிதித்த கலவையைக் கனமாக அப்பி, இறுகியதும் வாசல் வழியாக மணலைத் தோண்டி எடுத்துவிட வேண்டியதுதான். வெடித்தால் அதே மண்ணைக் குழைத்துப் பூசலாம். ஆனால் ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கு நாலாபுறமும் நீண்ட கூரை இல்லாவிட்டால் கரைந்துபோகும். கூரைக்கு இடமில்லாதவர் இதை மறந்துவிடலாம்.

ஆர்ச் ஓவன் பார்வைக்குச் சுலபம். பிளைவுட்டில் இரண்டு அரைவட்டம் அறுத்து, மேலே ரீப்பர் அடித்தால், கட்டும்போது வளைவைத் தாங்கும் சென்ட்ரிங் தயார். அதன்மேல் செங்கல்லை அறுக்காமல் வரிசையாக அடுக்கலாம். உட்புற அகலம் 30 அங்குலம் என்று வையுங்கள். அரைவட்டத்தின் உள்விளிம்பு சுமார் 47 அங்குலம். 9 × 4½ × 3 அங்குல ஃபயர் பிரிக் (சூடு தாங்கும் செங்கல்) 15 வைத்தால் உள்ளே மெல்லிய சந்தோடு பொருந்திவிடும். வெளிவிளிம்போ 61 அங்குலம் ஆகிவிடுகிறது. அங்கே ஒவ்வொரு சந்தும் ஓர் அங்குலம் வாய் பிளந்து நிற்கும். அந்தப் பிளவில் வெறும் சாந்தை அடைக்காமல் செங்கல் சில்லைச் செருகித் தட்டிவிட்டால் போதும். இதுவரை கோணலுக்கு இடம் உண்டு.

சிக்கல் சென்ட்ரிங்கை இறக்கும்போது வருகிறது. ஆர்ச் தன் பாரத்தைக் கீழே மட்டும் இறக்காது, பக்கச் சுவர்களை வெளியே தள்ளும். வளைவு தாழத் தாழத் தள்ளுவிசை கூடும். 4½ அங்குலச் சுவர்மேல் தாழ்வான ஆர்ச்சைக் கட்டினால் உச்சியில் நெடுக்காக விரிசல் ஓடும். செங்கல் எவ்வளவு நேராக இருந்தாலும் அதை மறைக்க முடியாது. 9 அங்குலச் சுவரும், இருபுறமும் எல் ஆங்கிள் வைத்து மரை போட்ட கம்பியால் இழுத்துக் கட்டும் பிடிப்பும் வேண்டும். பின்சுவரை ஆர்ச்சோடு பிணைக்காமல் தனியாக நிறுத்துவதும் நல்லது. இரண்டும் சூட்டில் ஒரே மாதிரி விரிவதில்லை.

சென்ட்ரிங்கே இல்லாமல் வளைவு கட்டும் நூபிய முறையை ஆரோவில் மண் கட்டுமான நிறுவனம் கற்றுத்தருகிறது. எகிப்தில் 1940களில் கட்டடக்கலைஞர் ஹசன் ஃபாத்தி அதை மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அழகான வித்தைதான், முதல் ஓவனில் வேண்டாம்.

கும்மட்டத்தைக் கண்டு பலரும் பயப்படுகிறார்கள். எனக்கென்னவோ, கற்றுக்குட்டிக்கு மூன்றில் இதுதான் மிகவும் தாராளமானது. ஒவ்வொரு வளையமும் சுற்றி முடிந்த கணத்தில் தன்னைத்தானே பூட்டிக்கொள்கிறது. தள நடுவில் சுழலும்படி ஒரு கம்பியைப் பொருத்தி, அதன் நுனி தொடும் இடத்தில் அரைச் செங்கல்லை வைத்துக்கொண்டே போனால் உட்புற வடிவம் தவறாது. வெளியே எத்தனை கோரமாக இருந்தாலும் மேலே வெப்பக்காப்பும் பூச்சும் ஏறி மூடிவிடும். மாடித்தோட்டக் கடையில் கிடைக்கும் வெர்மிகுலைட், பெர்லைட் இரண்டும் காப்புக்கு உதவும். அடி வளையங்கள் வெளியே சாயப் பார்ப்பதால் பூச்சுக்குள் கோழிவலையைச் சுற்றுவது உண்டு.

மேல் வளையங்களில் வட்டம் சுருங்கும்போதுதான் பாடு. அங்கே செங்கல்லைச் சாய்வாக அறுக்க வேண்டும், அல்லது கால் செங்கல்லாக்க வேண்டும். கிரைண்டரில் அறுப்பவர் தண்ணீர் ஊற்றி, மாஸ்க் போட்டு அறுக்கட்டும். அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. வளையம் மூடும்வரை செங்கல் வழுக்காமலிருக்க உள்ளே ஈர மணலைக் குவித்து முட்டுக்கொடுக்கலாம்.

இனி சாந்து. அனுபவமுள்ள கொத்தனாரை அழைத்தால் நூல் பிடித்த மாதிரி கட்டுவார். ஆனால் வெறும் சிமெண்ட் சாந்தில் கட்டுவார். பீட்சா சுடும்போது கும்மட்டம் 400 டிகிரியைத் தாண்டும். அந்தச் சூட்டில் இறுகிய சிமெண்டோடு பிணைந்திருக்கும் நீர் பிரிந்து, ஆறியபின் காற்றின் ஈரத்தை இழுத்து உப்பி, சாந்து உதிரத் தொடங்கும். மூன்று பங்கு மணல், ஒரு பங்கு சிமெண்ட், ஒரு பங்கு சுண்ணாம்பு, ஒரு பங்கு ஃபயர் கிளே (சூடு தாங்கும் களிமண்) என்ற கலவை நெடுநாள் தாங்கும். வெறும் களிமண்ணும் மணலும் இறுக நாளாகும். ஆனால் கோணலாகிப்போன வரியை அடுத்த நாள் கழற்றி, கழுவி, மறுபடி வைக்கலாம். கற்றுக்குட்டிக்கு அதைவிட என்ன சலுகை வேண்டும்! கொத்தனாரின் நேர்த்தியான சிமெண்ட் வரியைவிட, களிமண்ணில் வைத்த கோணல் வரியையே நான் நம்புவேன்.

எந்த வடிவமும் மன்னிக்காதவை சில உண்டு. ஒரு வரியின் செங்குத்துச் சந்து அடுத்த வரியின் சந்துக்கு நேராக விழுந்தால் விரிசல் அந்த வழியே ஏறும். வாசல் உயரம் உட்புற உயரத்தில் 63 சதவீதம் என்பது கட்டுவோர் கைக்கொள்ளும் கணக்கு. 16 அங்குலக் கும்மட்டத்துக்கு 10 அங்குல வாசல். கூடினால் சூடு வெளியே போகும், குறைந்தால் புகை தேங்கும். தளத்தில் ஒரு செங்கல் சற்றுத் தூக்கி நின்றாலும் பீட்சாத் துடுப்பு ஒவ்வொரு தடவையும் அதில் முட்டும். அதனால் தளத்தைச் சாந்தில்லாமல் மெல்லிய மணல் படுகைமேல் வைத்து, முட்டும் விளிம்பை உரசிவிடலாம். மயிரிழை விரிசலுக்குக் கவலைப்பட வேண்டாம். தட்டினால் ஆடும் செங்கல்லுக்குத்தான் கவலை.

கூரையும் நல்ல களிமண்ணும் இருந்தால், செலவும் சுருங்க வேண்டுமென்றால் மண் ஓவன் கட்டுங்கள். வாரம் பத்துப் பதினைந்து ரொட்டி சுடுபவருக்கு நீண்ட தளமுள்ள ஆர்ச் லாபம், இரும்புப் பிடிப்போடு. மற்றவர்கள் கும்மட்டத்துக்கே போகலாம். எதைக் கட்டினாலும் முதல் ஒரு வாரம் சுள்ளி நெருப்பு மட்டும் போட்டு, நாளுக்கு நாள் கூட்டுங்கள். உள்ளே தங்கிய ஈரம் திடீரென்று ஆவியானால் நேராகக் கட்டியதும் வெடிக்கும்.